சொல்லாமல் நின்றவர்கள்

1

வியாசர்பாடியில் நான் வளர்ந்த தெருவில் யாரும் வேலையை ராஜினாமா செய்து கேள்விப்பட்டதில்லை. ஆண்கள் வேலையை விட்டார்கள். பட்டறையில் சேர்த்துவிட்ட பையன்கள் ஓடிவந்தார்கள். வீட்டுவேலைக்குப் போகிற பெண்கள் நின்றார்கள். "அவ அந்த வூட்ல நின்னுட்டா" என்றால் இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டாள் என்று அர்த்தம். வெளியூரிலிருந்து வந்து என்னோடு படித்த தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, வேலைக்காரப் பெண் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள் என்று புரிந்துகொண்டாள்.

எதிர்ப்பக்கத்தில், வேலை கொடுத்த வீடுகளில், இதே நிகழ்ச்சிக்கு ஒரு அடைமொழி சேர்ந்துவிடும்: "சொல்லாம கொள்ளாம நின்னுட்டா." காதலித்தவனோடு வீட்டைவிட்டுப் போன பெண்ணைப் பற்றியும் இதே தொடரைத்தான் சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும், போனதுகூடப் பரவாயில்லை, சொல்லாமல் போனதுதான் குற்றம் என்பதுபோல ஒரு தொனி. சொல்லியிருந்தால் மஞ்சள் குங்குமம் கொடுத்து வழியனுப்பியிருப்பார்களாம்.

சொல்லிவிட்டுப் போவதற்குத் தமிழில் என்ன வாக்கியம் இருக்கிறது? வீட்டைவிட்டுக் கிளம்பும் யாரும் "போகிறேன்" என்று சொல்லக்கூடாது. சொன்னால் அபசகுனம். "போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். நம் மொழியில் நாகரிகமாக விடைபெறும் ஒரே வழி, திரும்பி வருவதாக வாக்குக் கொடுப்பது. திரும்பி வரப்போவதில்லை என்று முடிவெடுத்த ஒருத்தி எதைச் சொல்லிவிட்டுப் போவாள்?

முன்னறிவிப்பு என்ற சொல்லை நாம் அலுவலகச் சொல்லாகவே பழகியிருக்கிறோம். ஒரு மாதம், மூன்று மாதம், அல்லது அதற்கு ஈடான சம்பளம். அதற்குள் ஓர் ஒழுக்கத் தீர்ப்பும் இருக்கிறது. முறையாகச் சொல்லிவிட்டு விலகுகிறவர் நல்லவர், சொல்லாமல் விலகுகிறவர் நன்றி கெட்டவர். இந்தத் தீர்ப்பு பெண்கள்மேல் எப்படி விழுகிறது என்பதை மூன்று பேரை வைத்துப் பார்க்க விரும்புகிறேன். என் அம்மா, மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மாதவி, நான். மூன்றாவது ஆளைப் பற்றி எழுதுவது கடினம் என்பதால் அவளைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

2

அம்மா புரசைவாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் 11 ஆண்டுகள் வேலை செய்தாள். கணேசபுரம் சுரங்கப்பாதை வழியாகப் புளியந்தோப்பைக் கடந்து நடந்தே போவாள். மழை பெய்து சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிக்கொண்டு போவாள். பாத்திரம், துணி, வீடு பெருக்கித் துடைப்பது என்று பேசிச் சேர்ந்த வேலை, காலப்போக்கில் அந்த வீட்டுப் பாட்டிக்கு 11 மணி மாத்திரை கொடுப்பது, குளிக்க வைப்பது, கடைக்குப் போவது என்று வளர்ந்தது. சம்பளம் அந்த அளவுக்கு வளரவில்லை.

1997இல் நான் இளங்கலைத் தமிழ் சேர்ந்தபோது கட்டணத்துக்காக அந்த வீட்டில் 2000 ரூபாய் முன்பணம் வாங்கினாள். மாதம் 100 ரூபாய் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி சம்பளம். 1999 ஜனவரி 5ஆம் தேதி இருபதாவது 100 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அம்மா வழக்கம்போல "வரேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் போகவில்லை. பொங்கலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பொங்கல் புடவைக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த வீட்டு அம்மா தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டு வாசல்வரை நடந்து வந்தார். "பதினோரு வருஷமா வீட்டு மனுஷி மாதிரி வச்சிருந்தோம். வரேன்னு சொல்லிட்டுத்தானே போன? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் கூடுதலாக இருந்தது. அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை. அம்மா பதில் எதுவும் சொல்லவில்லை. போகும்போது சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று நான் அந்த அம்மாவின் பக்கம் இருந்தேன். கல்லூரிக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று நம்பத் தொடங்கியிருந்த வயது. "ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா வுடுவாங்களா?" என்றாள் அம்மா.

பதிலைத் தட்டிக்கழிப்பதாக அப்போது நினைத்தேன். பிறகு, பல வருடங்களில் துண்டு துண்டாகத் தெரியவந்தது, அவள் மூன்று முறை சொல்லியிருக்கிறாள். ஆடி மாதத்தில், மணிக்கட்டு வலிக்கிறது, போர்வை, திரைச்சீலை எல்லாம் இனி கையால் துவைக்க முடியாது என்று சொன்னாள். தீபாவளிக்கு முன்னால், துணிக்கு மட்டும் வேறு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். கார்த்திகையில், "பொங்கலோட நின்னுக்கறேம்மா, வேற ஆள் பாருங்க" என்றே சொன்னாள். அந்த வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே, "நீ எங்கள வுட்டு எங்க போவ?" என்று கேட்டிருக்கிறார். அதில் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அவர் காதில் அது விழவே இல்லை. வேலைக்காரப் பெண் சொல்வது சலிப்பாகக் கேட்கும், நச்சரிப்பாகக் கேட்கும், சம்பளம் கூட்டக் கேட்கும் தந்திரமாகக் கேட்கும். அறிவிப்பாகக் கேட்காது.

3

முதுகலையில் மணிமேகலை பாடமாக வந்தது. அதன் முப்பது காதைகளில் முதலாவது விழாவறை காதை. புகார் நகரில் 28 நாள் இந்திரவிழா நடக்கப்போவதை முரசறைந்து ஊருக்குத் தெரிவிக்கிறார்கள். இரண்டாவது ஊரலர் உரைத்த காதை. விழாவில் ஆட வேண்டிய மாதவியும் மகள் மணிமேகலையும் வரவில்லை. மாதவியின் தாய் சித்திராபதி மனம் நொந்து, ஊர் பழிசொல்லிப் பேசுவதை மாதவியிடம் போய்ச் சொல் என்று அவளுடைய தோழி வயந்தமாலையை அனுப்புகிறாள்.

காப்பியம் ஓர் அறிவிப்போடு தொடங்குகிறது. அடுத்த காதையே அறிவிக்காமல் வராமல்போன பெண்ணைப் பற்றிய ஊர்ப்பேச்சு. இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்பதை எங்கள் வகுப்பில் யாரும் பேசவில்லை. துறவு, பௌத்த அறம், மாதவியின் மனமாற்றம் என்று பாடம் நகர்ந்தது. எனக்கு மட்டும் புரசைவாக்கத்து அம்மா எங்கள் வாசலில் சொம்போடு நின்றது நினைவுக்கு வந்தது.

மாதவியைப் பற்றிய பெண்ணிய வாசிப்புகள் பெரும்பாலும் அவளுடைய கற்பைச் சுற்றியே போகின்றன. கணிகையாகப் பிறந்தவளைக் கண்ணகிக்கு நிகராக்க, காப்பியம் அவளைத் துறவியாக்க வேண்டியிருந்தது என்று சொல்வோம். அது சரியான விமர்சனம்தான். ஆனால் அவளை ஒரு தொழிலாளியாகவும் வாசிக்கலாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அதற்கான கணக்கை எழுதிவைத்திருக்கிறது. ஏழு ஆண்டு பயிற்சி, பன்னிரண்டு வயதில் சோழன் முன் அரங்கேற்றம், தலைக்கோல் பட்டம், 1008 கழஞ்சு பொன் பெறும் மாலை. அந்த மாலையைக் கூனி ஒருத்தி நகர வீதியில் விலைகூறி நிற்கிறாள். வாங்குகிறவன் மாதவிக்கு உரியவன் ஆவான். கோவலன் வாங்குகிறான். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் வேலை முன்பணத்தோடுதான் தொடங்குகிறது, அவள் கேட்டு வாங்காத முன்பணம்.

ஊரலர் உரைத்த காதையில் வயந்தமாலை கொண்டுவரும் செய்தியில் நீண்ட பட்டியல் ஒன்று வருகிறது. கூத்து, பாட்டு, யாழ், தண்ணுமை, குழல், பந்தாட்டம், சமையல், ஓவியம், பூத்தொடுத்தல், காலக்கணிதம் என்று நாடகக் கணிகை கற்கவேண்டிய கலைகள் அத்தனையும். இவ்வளவும் கற்றுத் தேர்ந்தவள் தவக்கோலம் பூண்டது வெட்கக்கேடு என்று ஊர் பேசுகிறதாம். இந்தப் பட்டியலைக் கலைக்களஞ்சியமாக ஆய்வு செய்த கட்டுரைகள் உண்டு. எனக்கு அது ஒரு முதலீட்டுக் கணக்காகத் தெரிந்தது. உன்மேல் இவ்வளவு செலவு செய்திருக்கிறோம், நீ எப்படி நிற்கலாம்?

மாதவியின் பதிலைக் கவனியுங்கள். மலர்மண்டபத்தில் மகளோடு பூத்தொடுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே பேசுகிறாள். கோவலன் இறந்ததைக் கேட்டும் உயிரோடிருப்பதுதான் தனக்கு நாணம் என்கிறாள். மணிமேகலை கண்ணகியின் மகள், தவத்துக்கு உரியவளே தவிர இந்தத் தொழிலுக்கு வரமாட்டாள் என்கிறாள். அறவண அடிகளிடம் தான் கேட்ட அறத்தைச் சொல்கிறாள். கடைசியில், இதை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று வயந்தமாலையிடம் தெளிவாகக் கூறுகிறாள். முதலில் மைதீட்டிய கண்களை உடைய மற்ற பெண்களுக்கு, அதாவது உடன் ஆடும் கணிகையருக்கு. அடுத்து பெற்றவள் சித்திராபதிக்கு. அரசனுக்கோ விழா எடுத்தவர்களுக்கோ ஒரு செய்தியும் இல்லை.

அந்த வரிசையைப் பல முறை வாசித்தும் அதன் முக்கியத்துவம் எனக்கு வெகுகாலம் பிடிபடவில்லை. கூட வேலை செய்கிறவர்களுக்குத்தான் அவள் முதலில் சொல்லி அனுப்புகிறாள்.

இன்னொன்றும் உண்டு. மாதவி தன் தாயிடம் முன்பே சொல்லிவிட்டாள் என்று சிலப்பதிகாரத்தின் நீர்ப்படைக் காதையில் வருகிறது. மணிமேகலையைக் கணிகைக் கோலத்தில் காண வேண்டாம் என்று தாய்க்கு அறிவித்த செய்தியை அங்கே மாடலன் எடுத்துச் சொல்கிறான். இரண்டு காப்பியங்களும் இரண்டு புலவர்கள் செய்தவை, ஒன்றின் ஓட்டையை மற்றொன்றால் அடைக்கக்கூடாதுதான். ஆனாலும் கதைத் தொடர்ச்சியாக வாசித்தால், மாதவி சொல்லியிருக்கிறாள். சித்திராபதிக்கு மட்டும் அது சொன்னதாகக் கணக்கில் வரவில்லை. விழா வந்தால் மகள் வந்துவிடுவாள் என்றே இருந்திருக்கிறாள். "நீ எங்கள வுட்டு எங்க போவ?"

பதினெட்டாம் காதையில் சித்திராபதி சபதம் எடுக்கிறாள். மணிமேகலையைத் தொழிலுக்குத் திரும்பக் கொண்டுவராவிட்டால், சுட்ட செங்கல்லைத் தலையில் சுமந்து ஆடரங்கைச் சுற்றிவந்து, பழியோடு வாழும் பெண்களைப் போல ஆவேன், கூத்தியர் வீட்டுக்குள் நுழையும் உரிமை இழப்பேன் என்கிறாள். தொழில் ஒழுங்கை மீறியவர்களுக்கு அந்த உலகத்தில் அப்படி ஒரு தண்டனை இருந்ததாக இதிலிருந்து ஊகிக்கலாம். பிறகு அவள் நேரே இளவரசன் உதயகுமரனிடம் போகிறாள். அவளை வில்லியாக வாசித்துவிடுவது எளிது. முதுமையை நெருங்கும் ஒரு பெண், மகளும் பேத்தியும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று கணக்குப் பார்க்கிறாள். அவளைத் தனியே குற்றவாளியாக்காமல், அவள் உதவிக்கு ஓடிய இடத்தை நான் கவனிக்கிறேன். வேலையை விட்டுப் போனவளைத் திரும்பப் பிடித்துவர அரச அதிகாரம் அழைக்கப்படுகிறது.

4

காப்பியத்தில் இளவரசன் செய்ததைச் சென்னையில் மாஜிஸ்திரேட் செய்தார். 1859இல் பிரிட்டிஷ் அரசு பதின்மூன்றாம் எண் சட்டத்தை இயற்றியது. முன்பணம் வாங்கிய கைவினைஞரோ தொழிலாளரோ கூலியாளரோ வேலையை முடிக்காமல் விலகினால் அவர்களைத் தண்டிப்பதற்கான சட்டம். முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களுக்காக வந்து, பிறகு மற்ற இடங்களுக்கும் விரிந்தது. முதலாளி புகார் கொடுத்தால், பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையை முடித்துக் கொடு என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மறுத்தால் மூன்று மாதம்வரை கடுங்காவல். பேசிய கூலியை முதலாளி கொடுக்காவிட்டால் அவரைச் சிறைக்கு அனுப்ப அந்தச் சட்டத்தில் வழியில்லை. 1925இல்தான் அது நீக்கப்பட்டது. சொல்லாமல் வேலையை விடுவது இந்த நகரத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் சிறைக்குரிய குற்றமாக இருந்திருக்கிறது. இன்று நாம் அதை நன்றிகெட்டதனம் என்று சொல்லும்போது, அந்தச் சொல்லில் பழைய தண்டனையின் வாடை கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

கடல் கடந்த தமிழர்களுக்கும் இதேதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளியின் கடனை எழுதிக் கொடுக்கும் காகிதத்துக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. புதிய தோட்டம் பழைய கடனை ஏற்றால்தான் ஆள் மாறலாம். 1921இல் அது சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

எங்கள் பகுதியின் பெருமையாகப் பேசப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தோன்றியது. என் தாத்தா நெசவுப் பகுதியில் வேலை பார்த்த பெரம்பூர் பின்னி ஆலைகளை, அதாவது பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளை மையமாகக் கொண்டது அந்தச் சங்கம். 1920இல் ஆலை நிர்வாகம் உயர்நீதிமன்றத்துக்குப் போய் சங்கத் தலைவர் பி.பி. வாடியா முதலியவர்கள்மேல் வழக்குத் தொடுத்துத் தடையாணை வாங்கியது. தொழிலாளர்கள் வேலை ஒப்பந்தத்தை மீறும்படி அவர்கள் தூண்டினார்கள் என்பதே குற்றச்சாட்டு. தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கை அந்த வழக்கிலிருந்துதான் வலுத்து, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஒருவர் வேலையை நிறுத்துவது அவருடைய சொந்த முடிவாக இருக்க முடியாது, யாரோ தூண்டியிருக்க வேண்டும் என்று நிர்வாகம் வாதிட்டது. புரசைவாக்கத்து அம்மாவும் போகும்போது அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டுத்தான் போனார்: "யாரு ஏத்திவிட்டாங்க?"

இன்று ஆலைகளுக்கான மாதிரி நிலையாணைகளில் முன்னறிவிப்பு இருபக்கத்துக்கும் பொது. நிரந்தரத் தொழிலாளி மாதச் சம்பளக்காரராக இருந்தால் யார் விலகினாலும் விலக்கினாலும் ஒரு மாதம், அல்லது அதற்கு ஈடான சம்பளம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நீக்க நியாயமான காரணமும் ஒரு மாத அறிவிப்பும் வேண்டும் என்கிறது. வீடு கடையும் இல்லை, நிறுவனமும் இல்லை. வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு "நாளைலேர்ந்து வர வேணாம்" என்ற மூன்று சொற்கள் போதும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எங்கள் தெருப் பெண்கள் பலருக்கு அந்த மூன்று சொற்கள் தொலைபேசியில் வந்தன. 2011இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கை, வேலையில் சேரும்போது தெரிவிக்க வேண்டிய நிபந்தனைகளில் இருதரப்பு முன்னறிவிப்புக் காலத்தையும் சேர்த்திருக்கிறது. இந்தியா அதை ஏற்று ஒப்பமிடவில்லை. முதலாளி கொடுக்க வேண்டிய முன்னறிவிப்பு எங்கும் எழுதப்படாத ஓர் இடத்தில், வேலைக்காரி கொடுக்க வேண்டியது மட்டும் மனச்சாட்சிச் சட்டமாக நிற்கிறது.

இவ்வளவு எழுதிய பிறகு ஒரு கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அந்தப் பாட்டியின் 11 மணி மாத்திரை என்ன ஆனது?

சட்டத்துக்கும் இந்தக் கவலை இருந்தது. 1925இல் வேலை ஒப்பந்தத்தை மீறுவது தொடர்பான இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவுகள் இரண்டை நீக்கியவர்கள், 491ஆம் பிரிவை மட்டும் விட்டுவைத்தார்கள். இளவயதாலோ நோயாலோ உடல் தளர்ச்சியாலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனிக்க ஒப்பந்தம் செய்துகொண்டு, வேண்டுமென்றே கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 357ஆம் பிரிவாகத் தொடர்கிறது. எந்தத் தொழிலாளியையும் வேலைக்குத் திரும்பச் சொல்லிச் சிறைகாட்ட முடியாத இந்தக் காலத்திலும், பராமரிப்பு வேலை செய்கிறவருக்கு மட்டும் அந்தப் பழைய கதவு முழுதாக மூடப்படவில்லை. ஆயாவாகவும் நோயாளிக்குத் துணையாகவும் போகிறவர்கள் பெரும்பாலும் யார் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் பிரிவைத் திட்டிவிட்டு நகர முடியவில்லை. கைவிடப்படுகிற நோயாளியும் பெரும்பாலும் ஒரு கிழவிதான்.

அம்மா இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு, அதே அடுக்குமாடியில் மேல்வீட்டில் வேலை செய்த அக்கா வந்திருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார். அந்த ஜனவரி 5ஆம் தேதி மதியம் அம்மா மேல்மாடிக்குப் போய், "நாளைக்கு நா வரமாட்டேன். கெழவிக்குப் பதினோரு மணிக்கு ரெண்டு மாத்ர, சேப்பு கலரு மொதல்ல. மறந்துடாத யக்கா" என்று சொல்லியிருக்கிறாள். புது ஆள் வரும்வரை இருபது நாளுக்கு மேல் அக்காதான் இறங்கிவந்து கொடுத்தாராம். "ஒங்கம்மா சொல்லாம போனான்னு அந்தம்மா ஊரெல்லாம் பேசுச்சு. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு" என்றார்.

5

இனி என் கதை. ஆய்வுப் பட்டம் முடித்ததும் ஒரு சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தேன். பணி ஆணையில் மூன்று மாத முன்னறிவிப்பு, பருவத்தின் நடுவில் விலகக்கூடாது என்ற நிபந்தனைகள் இருந்தன. சேரும் அன்றே பத்தாம் வகுப்பு முதல் முனைவர் பட்டம்வரை அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஒப்புகைச் சீட்டுக் கொடுக்கவில்லை. சான்றிதழ் அடகுப்பொருள் அல்ல என்று நீதிமன்றங்கள் சொல்லியிருப்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேன். வேலை வேண்டியிருந்தது.

நான்காம் ஆண்டில் முறையாக விலகல் கடிதம் கொடுத்தேன். கடிதம் முதல்வர் மேசையில் மூன்று வாரம் கிடந்தது. அந்த மூன்று வாரத்தில் என் கால அட்டவணை மாறியது. நாளுக்கு ஐந்து மணிநேர வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போவது, கூடவே நூலகப் பொறுப்பு. அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பம். "குழந்தை பெத்துக்கிறதுக்குத்தான் போறீங்கன்னா நேரா சொல்ல வேண்டியதுதானே" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்கள். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அம்மா சொன்னது அப்போதுதான் புரிந்தது. முன்னறிவிப்புக் காலம் என்பது விலகுகிறவள் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும் காலம் என்று ஏட்டில் இருக்கிறது. அதிகாரம் ஒரு பக்கமே இருக்கும்போது, தடுக்கிறவர்கள் தயாராகும் காலமாக அது மாறிவிடுகிறது. குடிகாரக் கணவனைவிட்டுக் கிளம்பும் பெண்ணிடம், சொல்லிவிட்டுப் போ என்று நாம் அறிவுரை சொல்வதில்லை. சொன்ன பிறகு வரும் இரவு எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு, மகளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது, ஒரு வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பை முடித்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை போகவில்லை. சான்றிதழ்கள் 14 மாதம் கழித்து, இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஈடான பணத்தைக் கட்டிய பிறகு கிடைத்தன. அந்த 14 மாதமும் எந்த நேர்காணலுக்கும் போக முடியவில்லை. நான் எழுதிய கவிதைகளில் பாதி அந்தக் காலத்தில் எழுதியவை. அதற்காக யாருக்கும் நன்றி சொல்லப்போவதில்லை.

இதை நான் துணிச்சலான விலகலாகவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். பெண்ணியக் கூட்டங்களில் கைதட்டலும் கிடைத்திருக்கிறது. ஓர் ஆறு வருடத்துக்கு முன் வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்தில் ஒரு பெண் என்னிடம் வந்து, "மேம், என்னத் தெரியுதா?" என்று கேட்டாள். அந்தக் கல்லூரியில் நான் கடைசியாக நடத்திய இரண்டாம் ஆண்டு வகுப்பில் இருந்தவள். ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் தையல் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறாள். நலம் விசாரித்த பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "மணிமேகலையில மொதக் காதையோட நிறுத்திட்டீங்க மேம். அதுக்கப்புறம் யாருமே நடத்தல. எக்ஸாம்ல ரெண்டாங் காதைலேர்ந்துதான் பெரிய கேள்வி வந்துச்சு. எங்ககிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

எங்கள் வாசலில் புரசைவாக்கத்து அம்மா கேட்ட அதே வாக்கியம். சொல்கூட மாறவில்லை.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் அதை யோசித்துக்கொண்டிருந்தேன். வாக்கியம் ஒன்றுதான், கேட்ட இடம் வேறு. அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவர் தடுத்திருப்பார். தடுக்க அவரிடம் முன்பணம் இருந்தது, பாசம் இருந்தது, பதினோரு வருடப் பழக்கம் இருந்தது. இந்த மாணவியால் என்னைத் தடுத்திருக்க முடியாது. அவளிடம் சொல்லியிருந்தால், அதிகபட்சம் இரண்டாம் காதைக்கான குறிப்புகளை எங்கிருந்தாவது எழுதி எடுத்திருப்பாள். நான் போவதால் இழப்பு யாருக்கோ, அவர்களில் ஒருத்தி அவள். கல்லூரி நிர்வாகத்துக்கு என்ன இழப்பு? ஒரு வாரத்தில் வேறொரு முனைவரைக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்துவிட்டார்கள்.

அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். மேல்மாடிக்கு ஏறிப் போய், சிவப்பு மாத்திரை முதலில் என்று சொல்லிவிட்டு வந்தாள். மாதவி, உடன் ஆடுகிற பெண்களுக்கு முதலில் சொல் என்று சொல்லி அனுப்பினாள். நான் அந்தக் காதையை ஆய்வேட்டில் ஓர் இயல் முழுக்க எழுதியவள். எனக்கு அந்த வரிசை தெரியும். என் எதிரே உட்கார்ந்திருந்த 34 பெண்களிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மேலே இருப்பவர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்ற போராட்டத்திலேயே என் முழுக் கவனமும் போய்விட்டது. முன்னறிவிப்பை நிர்வாகத்துக்குச் செலுத்தும் கடனாகவே நானும் நம்பியிருந்தேன் என்று அர்த்தம். அந்தக் கடனை மறுத்ததும் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

சொல்லாமல் நின்ற பெண்களைப் பற்றி இனி எழுதும்போது, அவள் யாரிடம் சொல்லவில்லை என்பதோடு நிறுத்தாமல், யாரிடம் சொன்னாள் என்றும் தேட வேண்டும். முதலாளியின் நினைவிலும் கோப்பிலும் அந்தப் பதில் இருக்காது. மேல்வீட்டு அக்காவிடம் இருக்கும், பூத்தொடுக்கும் மண்டபத்தில் இருக்கும்.

அன்று ரயில் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நடைமேடைப் பலகையில் உட்கார்ந்து அவளுக்கு இரண்டாம் காதையைச் சொன்னேன். பரீட்சைக்கு வேண்டியதைச் சொல்லவில்லை, கதையை மட்டும் சொன்னேன். சித்திராபதி அனுப்பியது, வயந்தமாலை வந்தது, மாதவி சொன்னது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வயந்தமாலை மேலே சொல்ல வழியில்லாமல் திரும்பிப் போனது. அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப வயந்தமாலைக்கு என்னாச்சு மேம்? மாதவி நின்னுட்டா. இந்தச் சேதிய எடுத்துக்கினு போயி சித்திராபதிகிட்ட திட்டு வாங்கினது அவதானே? விழாவுல அவங்க ரெண்டு பேர் வேலையும் யார் தலைல வுழுந்திருக்கும்?"

காப்பியத்தில் அதற்குப் பதில் இல்லை. மேல்வீட்டு அக்கா இருபது நாளுக்கு மேல் மாடி இறங்கி வந்தது நினைவுக்கு வந்தது. ரயில் வந்துவிட்டது. "வரேன் மேம்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.